கண்டெய்னரும் காந்திபுரம் லாட்ஜும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி, ஒரே ஒரு கட்டளையில எட்டு மாச வேலையைத் தொலைச்சேன். தொலைச்சது வேற யாருமில்ல, நானேதான். அதனால புலம்பல் கம்மியாத்தான் இருக்கும், தைரியமா மேல படிங்க.

பழைய தமிழ்ப் பதிவுகளைச் சேர்த்து வைக்கிற கிறுக்கு எனக்கு உண்டுன்னு இங்க வர்றவங்களுக்குத் தெரியும். 2004-ல காசி ஆறுமுகம் ஆரம்பிச்ச தமிழ்மணம் வழியா நாம ஓடி ஓடிப் படிச்ச பதிவுகள் நிறைய இன்னிக்குத் திறக்கறதே இல்ல. நண்பர்கள் பிளாக்கர்ல இருந்து இறக்கிக் குடுத்த எக்ஸ்எம்எல் கோப்புகள், நான் அப்பப்போ சேமிச்ச பக்கங்கள் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்ல கிடக்கு. அதுக்குள்ள தேடறதுக்காக, காந்திபுரத்துல செகண்ட்ஹேண்டா வாங்கின லேப்டாப்புல லினக்ஸ் போட்டு, டாக்கர்ல எலாஸ்டிக்சர்ச்சும் கிபானாவும் ஓட்டிக்கிட்டு இருக்கேன். (வீட்டுல இதுக்குப் பேரு "அந்த ஹேர் ட்ரையர்". ஃபேன் சத்தம் அப்படி.)

தமிழ்ல தேடல் சும்மா வந்துடாதுங்க. கோயம்புத்தூர், கோயமுத்தூர், கோவை மூணும் ஒண்ணுதான்னு மிஷினுக்கு யார் சொல்றது? கோயில், கோவில். வலைப்பூ, வலைப்பதிவு, பிளாக். பின்னூட்டம், மறுமொழி, கமெண்ட். நாம ஆளாளுக்கு ஒரு சொல்லு உண்டாக்கிட்டுப் போயிட்டோம். யூனிகோடு கூத்து அதுக்கும் மேல. 'கொ'ங்கிற எழுத்துல வர்ற கொம்பும் காலும் ஒரே குறியீடாவும் இருக்கலாம், ரெண்டு தனிக் குறியீடாவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒரே எழுத்து, தேடலுக்கு வேற வேற. இதைச் சரிபண்ண ஐசியு பிளக்கின் போடணும், ஒரே பொருள் தர்ற சொற்களுக்கு ஒரு கோப்பு எழுதணும். எழுதினேன். ஒவ்வொரு பதிவாப் படிச்சு, ஒவ்வொரு வரியாச் சேர்த்து, அறுநூறு வரி.

எங்க உட்கார்ந்து எழுதினேன்னு கேளுங்க. ஓடிக்கிட்டிருந்த கண்டெய்னருக்குள்ளயே போய், அங்கயே. பிளக்கின் போட்டதும் அங்கயே.

டேட்டாவுக்கு மட்டும் தனியா வால்யூம் குடுத்திருந்தேன். எந்த வழிகாட்டியைப் படிச்சாலும் அதைத்தான் முதல்ல சொல்லுது. தினம் ராத்திரி ஸ்டாப், காலைல ஸ்டார்ட். எட்டு மாசமும் எதுவும் போகல, எனக்கும் சந்தேகமே வரல. அந்த ஞாயித்துக்கிழமை வெர்ஷன் நம்பரை மாத்தி 'அப்' குடுத்தேன். பழைய கண்டெய்னரைத் தூக்கிப் போட்டுட்டு, புது இமேஜ்ல இருந்து புதுசா ஒண்ணு எழுந்திரிச்சுது. கோப்பும் இல்ல, பிளக்கினும் இல்ல. பதிவுகள் எல்லாம் வால்யூம்ல பத்திரமாத்தான் இருந்துது, ஆனா பிளக்கினும் கோப்பும் இல்லாம அந்த இண்டெக்ஸை வச்சு ஒரு சொல்லைக்கூடத் தேட முடியல. இண்டெக்ஸோட செட்டிங்ல இருந்தாவது அந்த வரிகளை எடுத்துடலாம்னு பார்த்தா, அதுல கோப்போட பாதை மட்டும்தான் இருக்கு, உள்ள எழுதினது இல்ல.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டைச் சுத்தி இருக்கிற லாட்ஜ்ல தங்கியிருந்தா இது சட்டுனு புரியும். ரூமைப் பூட்டிட்டு டீ குடிக்கப் போனா, திரும்பி வரும்போது துண்டு போட்ட எடத்துலயே இருக்கும். ஸ்டாப், ஸ்டார்ட் அதுதான். காலி பண்ணிட்டுக் கிளம்பினா கூட்டிப் பெருக்கி அடுத்த ஆளுக்கு விட்டுடுவாங்க. நான் டீ குடிச்சுட்டு வந்த பழக்கத்துலயே ரூமைக் காலி பண்ணிட்டேன்.

இனி என் கட்சி. "டேட்டாவைப் பத்திரமா வை"ங்கிற பாடமே தலைகீழ்னு நினைக்கிறேன். நம்மள மாதிரி வீட்டுல ஓட்டறவங்களுக்கு டேட்டா போனா ஒரு சாயங்காலத்துல டிஸ்க்ல இருந்து மறுபடி ஏத்திக்கலாம். கையால எழுதினதுக்குத்தான் வேற பிரதி கிடையாது. அதனால சொல் கோப்பு கண்டெய்னருக்கு வெளிய, நம்ம சொந்த ஃபோல்டர்ல, கிட்டுக்குள்ள இருக்கணும். உள்ளே அதை மவுண்ட் மட்டும் பண்ணணும். பிளக்கினை டாக்கர்ஃபைல்ல ஒரு வரியா எழுதிட்டா, இமேஜ் பிறக்கும்போதே அதோட பிறக்கும். இண்டெக்ஸ் செட்டிங்கையும் கிபானா திரையில தட்டிட்டு மறந்துடாம ஒரு ஜேசன் கோப்பா வச்சுக்கணும். கிபானாவுல செஞ்ச டாஷ்போர்டு எல்லாம் எலாஸ்டிக்சர்ச்சுக்குள்ளயே ஒரு இண்டெக்ஸ்லதான் உட்கார்ந்திருக்கு, அதையும் அப்பப்போ ஏற்றுமதி பண்ணிக்கிறது நல்லது.

இதுல ரெண்டு எடத்துல நானும் வழுக்கினேன். காலி ஃபோல்டரை கன்ஃபிக் அடைவு மேல மவுண்ட் பண்ணினா, இமேஜ்ல இருக்கிற கோப்புகள் எல்லாம் மறைஞ்சு எலாஸ்டிக்சர்ச் எழுந்திரிக்கவே மாட்டேங்குது. தேவையான கோப்பை மட்டும் ஒவ்வொண்ணா மவுண்ட் பண்ணணும். இன்னொண்ணு, வெளிய அந்தக் கோப்பே இல்லாத நேரத்துல கோலன் போட்டு எழுதற சின்ன வடிவத்துல மவுண்ட் பண்ணினா, டாக்கர் அதே பேர்ல ஒரு ஃபோல்டரை உண்டாக்கி வச்சுடும். கோப்பு இருக்குன்னு நினைச்சு ஒரு மணி நேரம் முழிச்சேன்.

நம்ம நண்பர் ஒருத்தர் இதைக் கேட்டுட்டு, "ஏனுங்ணா, கன்ஃபிக் முழுசுக்கும் ஒரு நேம்டு வால்யூம் போட்டா முடிஞ்சுதுங்களே"ன்னார். பாதி சரி. காலி நேம்டு வால்யூமா இருந்தா இமேஜ்ல இருக்கிறதை டாக்கரே அதுல காப்பி பண்ணிடும், கோப்பு மறையற தொல்லை இல்ல. 2022-ல வந்த 8-ஆம் வெர்ஷன்ல இருந்து பாதுகாப்புச் சான்றிதழ்கள் முதல் தடவை ஓடும்போது கன்ஃபிக் அடைவுலதான் உருவாகுதுங்கிறதால அவர் சொல்றதுல நியாயமும் இருக்கு. ஆனா அந்த வால்யூம் கிடக்கிறது டாக்கரோட சொந்த அடைவுல, நம்ம கண்ணுல படாத எடத்துல. யாருங்க அதை பேக்கப் எடுக்கறாங்க? அதுவும் போக, எதுக்கெடுத்தாலும் "டவுன் மைனஸ் வி குடுத்துட்டு மறுபடி ஏத்துங்க"ன்னு வைத்தியம் சொல்றவங்க ஜாஸ்தி. கம்போஸ் கோப்புல எழுதின நேம்டு வால்யூம் எல்லாம் அதோட காலி. நம்ம ஃபோல்டரை அது தொடாது. 8.10-ல இருந்து சொற்களை ஏபிஐ வழியாவே ஏத்தற வசதி வந்திருக்கு, எனக்கும் பிடிச்சுது. ஆனா அதுவும் கடைசில டேட்டா பக்கம்தான் போய்ச் சேருது, அதனால மூலப்பிரதி கையில இருக்கணும்.

இப்பல்லாம் மாசத்துக்கு ஒரு தடவை நானே வேணும்னே 'டவுன் மைனஸ் வி' குடுத்து, எல்லாத்தையும் மறுபடி ஏத்திப் பார்க்கறேன். முதல் தடவை கை நடுங்குச்சு. ரெண்டாவது தடவை டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருந்துது.

அறுநூறு வரியில இருநூறு, நான் எனக்கே அனுப்பி வச்சிருந்த ஒரு பழைய மெயில்ல கிடைச்சுது. மிச்சத்துக்கு மறுபடி ஒவ்வொரு பதிவாப் படிச்சுக்கிட்டு வர்றேன். நேத்து 'பின்னூட்டம்' வரியைச் சேர்க்கும்போது, 'பின்னூட்டு'ன்னே கடைசி வரைக்கும் எழுதின ஒருத்தர் ஞாபகம் வந்துது. பேரு வரல. அவரோட பக்கமும் இப்ப திறக்கல. டிஸ்க்ல எங்கயோ இருக்கணும், இன்னிக்கு ராத்திரி தேடணும்.