உருளாத உருண்டை

2018-ல் தமிழ்நாட்டில் வந்த பதினோராம் வகுப்பு இயற்பியல் செய்முறையில், திண்மக் கோளத்தின் நிலைமத் திருப்புத்திறன் காண்பது ஒரு சோதனை. கோளத்தின் நிறையைக் கொடுத்துவிடுவார்கள். வெர்னியர் அளவியால் விட்டத்தை அளக்க வேண்டும். நிறையையும் ஆரத்தின் வர்க்கத்தையும் பெருக்கி, அதை 2/5-ஆல் பெருக்கினால் விடை. முடிந்தது சோதனை. உருண்டை கடைசி வரை உருளவே இல்லை!

இதில் மாணவர் அளந்தது என்ன? விட்டம் மட்டும்தான். அந்த 2/5 எங்கிருந்து வந்தது, அது சரிதானா என்பதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. புத்தகம் சொன்னது, போட்டாகிவிட்டது.

இத்தனைக்கும் நிலைமத் திருப்புத்திறன் கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம் அல்ல. வாலாஜாபாத், காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளர் வீடுகளில் தார் சுற்றும் ராட்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கையை எடுத்த பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றும். எடை எவ்வளவு என்பதோடு, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சேர்ந்த கணக்கு இது.

சரி, எப்படி அளப்பது? உருட்டிவிட வேண்டியதுதான். 1 மீட்டர் பலகையின் ஒரு முனையை 5 செ.மீ. உயர்த்துங்கள். உராய்வே இல்லாமல் சறுக்கும் பொருள் சுமார் 2.0 வினாடியில் இறங்கும். திண்மக் கோளம் உருண்டு வர 2.4 வினாடி, வளையம் உருண்டு வர 2.9 வினாடி ஆகும். உயரத்தால் கிடைத்த ஆற்றல்தான் வரவு. அதில் ஒரு பங்கு முன்னே செல்வதற்கும், மறு பங்கு சுற்றுவதற்கும் செலவாகிறது. சுற்றும் செலவு கூடக் கூட இறங்கும் வேகம் குறைகிறது. ஆக, நேரத்தை வைத்தே நிலைமத் திருப்புத்திறனைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் ஒரு சிக்கல். கடிகாரத்தை 0.1 வினாடி தாமதமாக நிறுத்தினால், 0.40 வர வேண்டிய இடத்தில் 0.52 வந்து நிற்கும். 0.50 என்பது திண்ம உருளைக்கு உரியது. கோளமே உருளையாகிவிடும்!

இதற்கும் வழி உண்டு. 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு மரச் சக்கரத்தைக் கடைசல் பட்டறையில் செய்து, 1 செ.மீ. தடிமனுள்ள அச்சைக் கோக்க வேண்டும். சக்கரம் எதிலும் படாமல், அச்சு மட்டும் இரண்டு தண்டவாளங்களின் மேல் உருள வேண்டும். அதே சரிவில் அது இறங்க 28 வினாடிக்கு மேல் ஆகும். இப்போது 0.1 வினாடி தவறினால் விடையில் 1 சதவீதம்கூடப் பிசகாது. கைப்பேசிக் கடிகாரமே போதும். நிறுத்துக் கடிகாரம் இல்லாத காலத்திலேயே, ஒழுகிய நீரை எடை போட்டு நேரம் கணித்து, சரிவில் உருண்டை உருட்டியதை 1638-ல் வெளியான நூலில் கலிலியோ எழுதியிருக்கிறார்.

உருட்டினால் விடை கொஞ்சம் முன்னே பின்னே வரும், மதிப்பெண் போய்விடும் என்பதுதான் பலருடைய பயம். அதனால்தான் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற அளவீடுகளைப் பின்னால் தயாரிக்கும் பழக்கம் ஆய்வகங்களில் ஓடுகிறது. வணிகவியலில் இதற்குப் பெயர் கள்ளக் கணக்கு. இருப்பாய்வின் இரு பக்கமும் ஒத்துவரவில்லையா? வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் பகிரங்கமாக எழுதி வைத்து, பிழை எங்கே என்று தேடச் சொல்லித் தருகிறார்கள். அங்கே வித்தியாசத்துக்கு ஒரு இடம் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டில்தான் இல்லை.

எனவே இரண்டு மாற்றங்கள் போதும். வெர்னியரோடு நிறுத்தாமல் உருட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். 0.40 கொண்டுவந்தவருக்கு மட்டுமல்ல, 0.52 வந்ததை அப்படியே எழுதி, ஏன் வந்தது என்று விளக்கியவருக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும். அளக்காமல் கிடைத்த சரியான விடையைவிட, அளந்து கிடைத்த தவறான விடையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.