கேபிளைத் துண்டித்தால் யாருக்கு விரதம்?

நம் நடுத்தர வர்க்க வீடுகளில் ஒரு சடங்கு உண்டு. பிள்ளை பத்தாம் வகுப்புக்கோ பன்னிரண்டாம் வகுப்புக்கோ வந்துவிட்டால் கேபிளைத் துண்டித்துவிடுவார்கள். "இந்த வருஷம் பப்ளிக், அதனால கேபிள் கட்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்கள். நானும் சொன்னேன். மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம் கேபிள்காரருக்குப் போன் செய்து இணைப்பை நிறுத்தச் சொன்னவள் நான்தான். மேடைகளில் பெண்ணியம் பேசுகிறவள், வீட்டில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கணவர் கிரிக்கெட்டைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டார். ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய டேப்லெட்டில் மகளுக்கு எல்லாமே வந்தது. எனக்குக் கல்லூரி இருந்தது, புத்தகங்கள் இருந்தன. எழுபதைக் கடந்த என் மாமியாருக்குத்தான் எதுவும் மிஞ்சவில்லை. முதல் நாள் இரவு எட்டு மணிக்குக் கூடத்துக்கு வந்தவர், அணைந்திருந்த டிவியைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பினார். புளியை எடுத்துவைத்துக் கொட்டை நீக்கத் தொடங்கினார்.

"சீரியல்தானே அத்தை, ஒரு வருஷம் பொறுத்துக்கங்க" என்றேன்.

"சீரியல் கிடக்குது. எட்டு மணிக்கு என்னை யாரும் கூப்பிட மாட்டீங்க. அதுதான் போச்சு" என்றார்.

ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள் என்கிறது. ஆணுக்கு 97 நிமிடம். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் அந்த வேலையைத் தொடுகிறவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். இப்படிப்பட்ட நாளில் ஒரு பெண் காரணம் சொல்லாமல் உட்காரக் கிடைத்தது அந்த அரைமணி நேரம். அப்போதும் அவள் கை சும்மா இருந்ததில்லை. பூண்டு உரித்துக்கொண்டோ அவரைக்காய் ஆய்ந்துகொண்டோதான் அத்தை நாடகம் பார்ப்பார்.

தொடர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1999இல் 'சித்தி' தொடங்கிய காலத்திலிருந்து பார்த்து வருகிறேன். மாமியாரை மருமகளுக்கும் நாத்தனாரை அண்ணிக்கும் எதிராக நிறுத்தி, தாலியைக் காட்டி மிரட்டி, அடிவாங்கியவளையே மன்னிப்புக் கேட்கவைக்கும் கதைகளை நாம் விமர்சித்தே ஆகவேண்டும். ஆனால் அந்த விமர்சனம் யாரை நோக்கிப் போகிறது? கதையை எழுதுகிறவரையும் தயாரிப்பவரையும் இடையிடையே சோப்பும் மசாலாவும் விற்பவரையும் விட்டுவிட்டு, பார்க்கிறவள் மேல் விழுகிறது. 2006 தேர்தலில் இலவச வண்ணத் தொலைக்காட்சி என்று சொல்லி அவளிடம் ஓட்டுக் கேட்டார்கள். 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தது. பெட்டியைக் கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்துவிட்டு, சீரியல் பார்த்துக் கெட்டுப்போகிறாள் என்று அதே ஊர் பட்டிமன்றம் நடத்திச் சிரிக்கிறது. இரவு ஒன்பது மணி விவாதத்தில் நான்கு ஆண்கள் ஒருவர் மேல் ஒருவர் கத்துவதைத் தினமும் பார்க்கிற ஆண் கெட்டுப்போனதாக எந்தப் பட்டிமன்றத்திலும் நான் கேட்டதில்லை. அது பொது அறிவாம்.

படித்த பெண்களான நாமும் இதில் சேர்ந்துகொள்கிறோம். "எங்க வீட்ல கேபிளே கிடையாது" என்று ஆசிரியர் அறையில் சொல்லும்போது நம் குரலில் ஏறும் மிடுக்கைக் கவனித்திருக்கிறீர்களா? நம் கைப்பேசியில் இரண்டு ஓடிடி சந்தா இருக்கும். கொரியத் தொடரை நள்ளிரவுவரை பார்ப்போம், அதற்கு ரசனை என்று பெயர் வைப்போம். சமையற்கட்டிலிருந்து ஈரக்கையோடு வந்து உட்காரும் பெண் பார்த்தால் மட்டும் அது அடிமைத்தனம் ஆகிவிடுகிறது.

கேபிள் இல்லாமல் வாழலாம். அந்த அமைதி நல்லது என்றும் எனக்குத் தெரியும். ஆனால் துண்டிப்பதற்கு முன் சில கேள்விகளுக்கு வீடு பதில் சொல்லட்டும். முடிவை யார் எடுப்பது? பிள்ளையின் படிப்புக்கு விரதம் என்றால் ஆண்களின் கைப்பேசியும் அந்த விரதத்தில் சேருமா? அந்த அரைமணி நேரத்தில் அவள் உட்கார வேறு இடம் உண்டா? அப்போது பாத்திரம் கழுவப்போவது யார்? பதில் இல்லையென்றால் அது எளிய வாழ்க்கை ஆகாது. இருந்த ஓய்வையும் பிடுங்கிக்கொள்வதுதான்.

நான்கு மாதம் கழித்து இணைப்பைத் திரும்ப வாங்கினேன். எட்டு மணிக்கு அத்தை வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கதை எங்கேயோ போயிடுச்சும்மா" என்றார். அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பூண்டுக் கூடையை வாங்கி என் கணவரிடம் கொடுத்தேன்.