கடைப் பெயருக்கு விழும் வாக்கு

தெம்பனிஸில் எங்கள் வீட்டு இரவு உணவின்போது தாத்தாவுக்கும் எனக்கும் ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. நாகர்கோவிலில் இருந்த காலத்தில் அவர் வாங்கிய முதல் தொலைக்காட்சிப் பெட்டி ‘வசந்த் அண்ட் கோ’ கடையில் தவணைக்கு எடுத்தது. “கையில காசில்லாதவன நம்பி சாமான் குடுத்த மனுசன் மக்களே” என்று இன்றும் உருகுவார்.

உருகட்டும், நியாயம்தான். எச். வசந்தகுமார் 1950ல் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்து, 1978ல் சென்னையில் சொந்தக் கடை தொடங்கினார். அண்ணன் குமரி அனந்தன் பெரிய காங்கிரஸ் தலைவர் என்றாலும், தம்பிக்கு அரசியல் சுலபமாக இல்லை. 2006ல் நாங்குநேரியில் வென்றவர் 2011ல் அங்கேயே தோற்றார். 2014ல் கன்னியாகுமரியிலும் தோல்வி. 2016ல் மீண்டும் நாங்குநேரி, 2019ல் கன்னியாகுமரியின் நாடாளுமன்ற உறுப்பினர்.

2020 ஆகஸ்ட் 28ஆம் தேதி கொவிட்-19 அவரைப் பறித்தது. அடுத்து நடந்ததுதான் எனக்கு உறுத்தல். 2021 இடைத்தேர்தலில் நின்றவர் அவருடைய மகன் விஜய் வசந்த். ‘சென்னை 600028’, ‘நாடோடிகள்’ படங்களில் நாம் பார்த்த அதே நடிகர். தந்தை இரண்டு முறை தோற்றுக் கற்றுக்கொண்ட தொழிலில் மகனுக்கு முதல் முயற்சியிலேயே வெற்றி.

பிரிட்டனின் சைன்ஸ்பரி பேரங்காடிக் குடும்பத்தைச் சேர்ந்த டேவிட் சைன்ஸ்பரி 1998ல் அறிவியல் அமைச்சரானபோது, தம் பங்குகளை அறங்காவலர்களிடம் ஒப்படைத்து ஒதுங்கிக்கொண்டார். நல்ல ஏற்பாடு. ஆனால் அவர் நியமனம் பெற்ற மேலவை உறுப்பினர். வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டவரல்லர். கேட்டிருந்தால் பங்குகளை ஒப்படைத்ததுபோல் குடும்பப் பெயரை யாரிடம் ஒப்படைத்திருப்பார்?

இதைச் சொன்னால் தாத்தா விடமாட்டார். “2024லயும் ஜெயிச்சானே, அதுக்கு என்ன சொல்லுத?” என்பார். பாதி சரி. அப்போது மூன்று ஆண்டு வேலையைப் பார்த்துவிட்டுத்தான் மக்கள் வாக்களித்தார்கள். 2021ல் பார்ப்பதற்கு என்ன இருந்தது? கொடி கட்டி, நாற்காலி போட்டு, ஒரு வாய்ப்புக்காகக் காத்திருந்த தொண்டர்கள் அந்தக் கட்சியில் யாருமே இல்லையா?

எனக்கு இப்போது வயது 20. இங்கே அடுத்த பொதுத்தேர்தலில்தான் என் முதல் வாக்கு. வாக்குச்சீட்டில் தெரிந்த பெயர் ஒன்று இருந்தால் என் கையும் தானாக அங்கே போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. தாத்தாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.