இனாமாக வந்த கோழிக்கும் கணக்கு உண்டு

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஒரு பழமொழி உண்டு. கொடுத்தவரின் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொல்லப்பட்ட வார்த்தை அது. வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருளல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் பட்ட நஷ்டத்தையும், என்னால் இன்னொருவர் பட்ட நஷ்டத்தையும் இவ்வாரம் எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கோழித் தீன் கிடைக்காமலும் கிடைத்தாலும் விலை கொடுக்க முடியாமலும் பல பண்ணைக்காரர்கள் கோழிகளைக் குறைத்தார்கள். 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. அந்தக் காலத்தில் வளவில் பத்துக் கோழி வைத்திருந்த வீடு கொஞ்சம் தலை நிமிர்ந்து நின்றது. எங்கள் வீட்டிலும் பதினான்கு ஊர்க்கோழிகள் இருந்தன. முட்டைக் காசு மனைவியின் கைச்செலவுக்குப் போதுமாக இருந்தது.

அப்போது நண்பர் ஒருவர் வெளிநாடு போகப் புறப்பட்டார். அவரிடம் மூன்று சண்டைக்கோழிப் பேடுகள் இருந்தன. "நல்ல சாதிக் கோழி, அறுக்க மனமில்லை, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொண்டுவந்து கொடுத்தார். அஸீல் வர்க்கம். அஸீல் என்பதே அறபுச் சொல்; கலப்பற்ற நல்ல பரம்பரை என்று பொருள்படும். நீண்ட கால், நிமிர்ந்த கழுத்து, உறுதியான உடம்பு. பிராணிகளை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது நமக்கு ஆகாத காரியம். ஆனால் பேடுகள் அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பதில் கெட்டிக்காரிகள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் மகிழ்ச்சியோடு வாங்கி, அன்று மாலையே பழைய கோழிகளோடு ஒரே கூட்டில் விட்டேன்.

நான் அரிசி வியாபாரி. முப்பது வருடமாக மூடை அடுக்குகிறேன். தெரியாத இடத்திலிருந்து வந்த மூடையைப் பழைய மூடைகளுக்குப் பக்கத்தில் ஒருநாளும் அடுக்க மாட்டேன். தனியாக வைத்து, குத்தூசி போட்டுப் பார்த்து, வண்டு இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே எடுப்பேன். ஒரு மூடையில் இருக்கும் வண்டு ஒரு மாதத்தில் கடை முழுவதும் பரவும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கடையில் தெரிந்த பாடம் வளவில் மறந்துபோனது. காரணம், அந்த மூன்று கோழிக்கும் நான் காசு கொடுக்கவில்லை. காசு கொடுக்காத பொருளை நாம் சோதித்துப் பார்ப்பதில்லை.

வந்த வினை

மறுநாள் விடியற்காலையிலேயே கூட்டுக்குள் சண்டை. கோழிகளுக்குள் யார் மேல், யார் கீழ் என்று ஒரு ஒழுங்கு உண்டு. நோர்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டரூப் எப்பே என்பவர் 1920களின் தொடக்கத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். புதிய கோழி வந்தால் அந்த ஒழுங்கு குலைந்து, கொத்தி மீண்டும் ஒழுங்குபடும். ஊர்க்கோழி தோற்றால் தலையைத் தாழ்த்தி ஓடிவிடும். சண்டைக்கோழிக்குத் தோற்கத் தெரியாது; அந்த வர்க்கத்தைப் பல தலைமுறையாக அப்படித்தான் தெரிந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். சின்னக் கூட்டில் ஊர்க்கோழிக்கு ஓட இடமும் இல்லை. இரண்டு கோழிகளின் தலை கிழிந்து இரத்தம் வழிந்தது.

அது சின்ன வினை. ஐந்து நாளில் பெரிய வினை வந்தது. கோழிகள் தூங்கி விழுந்தன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. சிலவற்றுக்குக் கழுத்துத் திருகிக்கொண்டது. மிருக வைத்தியர் பார்த்து ராணிக்கெட் என்றார். 1927இல் இந்தியாவின் ராணிக்கெட் நகரில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது. மேல்நாட்டில் நியூகாசில் நோய் என்பார்கள். வந்த பிறகு மருந்து இல்லை, வருமுன் தடுப்பூசிதான். என் பதினான்கில் ஒன்பது போயின. வந்த மூன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தடுப்பூசி ஏற்றிய கோழி தான் நோயாளியாகத் தெரியாமலே கிருமியைச் சுமந்து வந்து பரப்பக்கூடும் என்று வைத்தியர் விளக்கினார். ஆகவே வந்த கோழி சுறுசுறுப்பாக இருக்கிறது என்பது ஒரு சான்றிதழ் அல்ல.

வேலி தெரியாத கோழி

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். எங்கள் வேலிக்கு அப்பால் ஒரு ராத்தா இருக்கிறார். கணவர் மௌத்தாகி வருடங்களாகின்றன. முட்டை விற்றுத்தான் அவருடைய சில்லறைச் செலவு நடந்தது. அவருடைய கோழிகள் எங்கள் வளவில் மேயும். எங்களுடையவை அவர் வளவில் மேயும். முதல் கோழி விழுந்தபோது நான் வெட்கத்தால் இரண்டு நாள் யாருக்கும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவருடைய கோழிகளும் விழத் தொடங்கின. பதினொன்றில் எட்டுச் செத்தன.

போய்ச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "தம்பி, முதல் நாளே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா என்ட கோழிகள அடைச்சி வெச்சிருப்பேனே" என்றார். அந்த வார்த்தை இன்றும் மனதில் நிற்கிறது. எட்டுக் கோழிக்குரிய பணத்தைக் கொடுத்தேன். முதலில் மறுத்தார், இது உதவியல்ல, கடன் என்று சொன்ன பிறகே வாங்கினார். ஆனால் புதுக் கோழி வாங்கி அவை முட்டையிடும் வரை அவர் இழந்த வருமானத்தை நான் எந்தக் கொப்பியில் எழுதுவது?

செய்ய வேண்டியது

பிறகு, வைத்தியர் சொன்ன காலம் வரை எல்லாவற்றையும் அடைத்து வைத்து, கூட்டைக் கழுவி, தடுப்பூசி போட்டு, புதிதாகத் தொடங்குவது போலச் சேர்த்தேன். இம்முறை சரிவந்தது. யாரிடமிருந்து கோழி வந்தாலும் இதுதான் முறை.

முதலாவது, 30 நாட்கள் தனிக் கூடு. எவ்வளவு தூரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில். தனித் தண்ணீர்ப் பாத்திரம், தனித் தீன் பாத்திரம். பழைய கோழிகளுக்கு முதலில் தீன் போட்டுவிட்டே புதியவற்றிடம் போக வேண்டும். திரும்பி வந்தால் கையையும் செருப்பையும் கழுவ வேண்டும். இறகுக்கு அடியில் பேன், காலில் செதில் பொருக்கு, கழிவின் நிறம் ஆகியவற்றைத் தினமும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மாதம் முடிந்ததும் நடுவில் கம்பி வலை வைத்து ஒரு வாரம் ஒன்றையொன்று பார்க்க விடுவது. கொத்த முடியாது, பழகிக்கொள்ளும்.

மூன்றாவது, மாலையில் அடையும் நேரம் பார்த்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் சேர்ப்பது. ஒற்றைக் கோழியைக் கூட்டத்துக்குள் விட்டால் அதன் மீதே எல்லாம் பாயும். தீனும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் வைக்க வேண்டும். ஒளிந்துகொள்ளப் பலகையோ பழைய பெட்டியோ போட வேண்டும். விடியும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். சண்டை ஓயாவிட்டால் அடி வாங்குவதையல்ல, அடிப்பதையே பிரித்தெடுக்க வேண்டும். என்னிடம் வந்த மூன்றில் ஒன்று கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அது இன்றும் தனிக் கூட்டில்தான் இருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு இலாபம் உண்டா என்று கேட்பீர்கள். முட்டைக்காக என்றால் இல்லை. சண்டைக்கோழி குறைவாகத்தான் இடும். அடைக்காக என்றால் உண்டு. 21 நாளும் எழும்ப மனமில்லாமல் இருக்கும். காகமோ கீரியோ வந்தால் குஞ்சுக்காக எதிர்த்து நிற்கும். மின்சாரம் கேட்காத குஞ்சுப் பொறி அது. ஆனால் அதன் கலப்புக் குஞ்சை விற்கும்போது கலப்பு என்று சொல்லி விற்க வேண்டும். வளர்ந்தபின் அந்தச் சேவல் வாங்கியவரின் வளவில் கலகம் செய்யும்.

கடைசியாக ஒரு யோசனை. ராணிக்கெட் தடுப்பூசிக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கும் அதற்கு மேலும் போதுமான அளவில்தான் வரும். குளிரில் வைக்க வேண்டும். கலக்கினால் ஓரிரு மணித்தியாலத்தில் முடித்துவிட வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் மிச்சம் வீண். அதனாலேயே பலர் போடுவதில்லை. ஒரு தெருவில் பத்து வீடுகள் சேர்ந்து, மிருக வைத்தியரிடம் நாள் கேட்டு, ஒரே நாளில் போட்டால் ஒரு வீட்டுக்கு விழும் செலவு சொற்பம். எங்கள் தெருவில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். கோழிகளை எண்ணிக் கணக்கு எழுதுவது அந்த ராத்தாதான்.

உங்கள் வீட்டுக்கும் நாளை யாராவது கோழி கொண்டுவந்து தரலாம். நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கூட்டுக் கதவைத் திறக்குமுன் ஒரு மாதம் பொறுங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு சொல்லுச் சொல்லுங்கள். இனாமாக வந்ததற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை அவ்வளவுதான். அதை நாம் கொடுக்காவிட்டால் வேலிக்கு அப்பால் இருப்பவர் கொடுக்க வேண்டிவரும்.