மறுக்க ஒருவர் போதும்

என்.சி.இ.ஆர்.டி. பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் தர்க்கத்துக்கென்று ஒரு பாடம் இருந்தது. கொரோனாவுக்குப் பின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி 2022இல் தூக்கிவிட்டார்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: எடுத்திருக்கக் கூடாது.

'எல்லாரும் வீட்டுப்பாடம் முடித்துவிட்டார்கள்', இதை மறுத்து எழுது என்றால், முக்கால்வாசிப் பேர் 'யாருமே முடிக்கவில்லை' என்றுதான் எழுதுவார்கள். 'ஒருவராவது முடிக்கவில்லை' என்பதே சரியான மறுப்பு. பாதிப் பேர் முடித்து, மீதிப் பேர் முடிக்காமல் வந்தால் 'எல்லாரும்' என்பதும் பொய், 'யாருமே' என்பதும் பொய்.

'எல்லாம்' என்ற கூற்றை மறுக்க ஒரே ஓர் எதிர் உதாரணம் போதும் என்பதைக் கணித வரலாறே காட்டுகிறது. ஐந்தாம் படி எண்களைக் கூட்டி இன்னோர் ஐந்தாம் படியைப் பெறக் குறைந்தது ஐந்து எண்களாவது வேண்டும் என்று 1769இல் கணித மேதை ஆய்லர் கருதினார். 1966இல் லேண்டர், பார்க்கின் இருவரும் கணினியில் தேடி நான்கே எண்களைக் கண்டெடுத்தார்கள்: 27, 84, 110, 133. இவற்றின் ஐந்தாம் படிகளைக் கூட்டினால் 144இன் ஐந்தாம் படி. ஆய்லரின் கணிப்பு அத்தோடு முடிந்தது. ஒரே ஓர் உதாரணத்தை வைத்து இவ்வளவு பெரிய மேதையை மறுக்கலாமா என்று கணிதத்தில் யாரும் கேட்பதில்லை.

ஊரில் கேட்கிறார்கள். கிராம சபையில் 'விண்ணப்பித்த எல்லாருக்கும் முதியோர் உதவித்தொகை வந்துவிட்டது' என்று அறிவிக்கிறார்கள். 'எனக்கு வரலியேப்பா' என்று ஒரு பாட்டி எழுந்தால், 'ஒருத்தரை வச்சுத் திட்டத்தையே குறை சொல்லாதீங்க' என்று உட்கார வைக்கிறார்கள். பாட்டி திட்டத்தைக் குறை சொல்லவில்லை. 'எல்லாரும்' என்ற சொல்லைத்தான் மறுத்தார். அதற்கு அவர் ஒருவரே போதும். உடனே எதிர்த்தரப்பு எழுந்து 'ஒருத்தருக்கும் வரல' என்று முழங்கும். பணம் வாங்கிய ஒரு தாத்தா கை தூக்கினால் அதுவும் காலி.

இன்னும் சிக்கலான கூற்று உண்டு. 'ஒவ்வொரு பேருந்திலும் ஓர் இருக்கையாவது உடைந்திருக்கிறது' என்பதை மறுக்க, டிப்போவில் இருக்கும் எல்லாப் பேருந்துகளிலும் ஏறி இறங்க வேண்டாம். ஒரே ஒரு பேருந்தைக் காட்டினால் போதும். ஆனால் அதில் ஓர் இருக்கைகூட உடைந்திருக்கக் கூடாது. எதை நிரூபிக்க எவ்வளவு பாடுபட வேண்டும், அந்தப் பாடு யாருடையது என்று இந்தப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும்.

பி.எஸ்சி. முதலாண்டில் 'ஒவ்வோர் எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு' என்ற வரையறையைப் பார்த்து மிரளும் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி உதவும். கணக்கையே விட்டுவிட்டு, வாக்காளர் அட்டை மட்டும் வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக உதவும். பாடத்தைத் திரும்பச் சேருங்கள்.