உழைத்த மண்ணில் உழைத்தவனுக்கு வீடு வேண்டும்!



கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தொழில் மூடப்பட்டால் மூன்று காரியங்கள் நடக்கின்றன. இயந்திரம் பழைய இரும்புக்குப் போகிறது. நிலம் கம்பெனிக்குப் போகிறது. உழைத்தவன் வீதிக்குப் போகிறான். இதைத் தலைவிதி என்கிறார்கள் சிலர். சட்டம் எழுதியவர்கள் செய்து வைத்த ஏற்பாடு என்கிறோம் நாம்.

பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். செங்கற்சூளைகளால் பேர் பெற்ற இடம் பின்னர் ரயில்வே சரக்கு யார்டு ஆயிற்று. தண்டவாளத்தில் சம்மட்டி அடித்தவரும் நம்மவர், ஸ்டேஷனில் கணக்கெழுதிய கிராணிமாரும் நம்மவர். அந்த 72 ஏக்கரில்தான் 2001இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. நிலையத்தைக் கட்டித் தந்ததற்கு ஈடாகச் சுற்றியுள்ள நிலம் கூட்டுக் கம்பெனிக்குப் போயிற்று. இன்று அங்கே நட்சத்திர ஓட்டல்களும் அலுவலகக் கோபுரங்களும் நிற்கின்றன. ரயில்வே ஊழியருக்கென்று ஒரு நூற்றாண்டுக்கு முன் கட்டிய 'நூறு குவாட்டர்ஸ்' வீடுகளும் 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் இடித்துத் தள்ளப்பட்டன. நிலையம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மூன்றில் ஒரு பங்கையாவது தொழிலாளர் வீட்டுக்கென்று முதலிலேயே எழுதி வைத்திருக்கக் கூடாதா என்றே கேட்கிறோம்.

தோட்டத்தின் கதை வேறா? புத்ராஜெயா எழுந்த மண், பி.பி. 86 என்ற பேர்போன ரப்பர் இனத்தைத் தந்த பிராங் பெசார் தோட்டம். 1990களில் நிலம் எடுக்கப்பட்டது. அங்கும் அண்டைத் தோட்டங்களிலும் பால் வெட்டிய குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. தரைவீடு கேட்டவர்கள் கண்டது விரிசல் விட்ட சுவர்!

"நகர நிலம் விலை கூடியது, மலிவு வீடு கட்டுபடியாகாது" என்கிறார்கள். விலை தானாகவா ஏறிற்று? பொதுப் பணத்தில் ரயில் பாதை வந்தது. அரசு நிலத்தின் வகையை மாற்றிக் கொடுத்தது. அதனால் ஏறிய விலை பொதுமக்களின் சொத்து. வீட்டைத் தொலைதூரத்தில் கட்டிவிட்டு மலிவு என்றால், தொழிலாளியின் பெட்ரோலையும் டோலையும் எந்தக் கணக்கில் எழுதுவது?

பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளரின் அனுபவம் நமக்குப் பாடம். 1991இல் அங்கே ஒரு விதி வந்தது. ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு நகரின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீடமைப்புக்கு, ஒரு பங்கு முதலாளிக்கு. 2001இல் விதியைத் திருத்தினார்கள். கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதுமாம்! பங்கு சுருங்கிற்று. 2006இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றது. 1982இல் வேலைநிறுத்தத்தில் இறங்கியவர்களுக்கு முதல் வீட்டுக் குலுக்கல் நடந்தது 2012இல். முப்பது ஆண்டு! ஒரு திருத்தத்தில் போகும் உரிமை உரிமையாகாது.

வியன்னாவிலோ, வீடு கட்டப் புதிதாக வகைமாற்றும் பெரிய நிலங்களில் மூன்றில் இரண்டு பங்கை அரசு உதவி பெற்ற வீடுகளுக்கு ஒதுக்கும் விதி 2019இல் நடைமுறைக்கு வந்தது. பழைய ரயில் யார்டுகளிலேயே அங்கே மலிவு வாடகை வீடுகள் எழுந்துள்ளன. ஆகாத காரியம் அல்ல!

இனி சுங்கை பூலோவைப் பாருங்கள். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் குவாசா டாமன்சாரா நகரமாகிறது. 2016 முதல் ரயிலும் ஓடுகிறது. நிலத்தை வாங்கியது ஊழியர் சேமநிதி வாரியத்தின் கம்பெனி. சேமநிதி யார் பணம்? நம் சம்பளத்தில் பிடித்த பணம்! ஆதாயம் வேண்டும் என்பதை நாமும் அறிவோம். ஆனால் நம் பணத்தில் எழும் நகரில் நமக்குக் குடியிருக்க இடமில்லை என்றால் அந்த ஆதாயம் யாருக்கு?

ஆகவே நாம் கேட்பது இவை. மூடிய தொழிலிடத்தின் வகையை மாற்றுமுன் மூன்றில் ஒரு பங்கு தொழிலாளர் வீட்டுக்கு என்று நிலப் பட்டாவிலேயே எழுத வேண்டும். அங்கே உழைத்தவருக்கு முதல் உரிமை வேண்டும். பட்டறை மண்ணில் ஊறிய எண்ணெயையும் ஈயத்தையும் நிலத்தால் ஆதாயம் பெறுபவரே தம் செலவில் அகற்ற வேண்டும். மின்தூக்கிக்கும் கூரைக்கும் பராமரிப்பு நிதியை முதல் நாளே ஒதுக்க வேண்டும். பத்தாண்டில் பாழாகும் அடுக்குமாடி நமக்கு வேண்டாம்.

தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால் வெட்டியவர்கள் சிறுசிறு பங்கு சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்கள் பிள்ளைகள் நாம். வேலை நின்றால் லயமும் போகும் என்ற நிலை நம்மோடு ஒழியட்டும். கிளைதோறும் கூட்டம் போடுங்கள், தீர்மானம் நிறைவேற்றுங்கள், சட்டமன்ற உறுப்பினர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். கேளாத காதுக்கு ஒற்றைக் குரல் எட்டாது. ஒன்றுபடுவோம்!