ஆராயாது பரப்பும் செய்தியால் விளையும் நஷ்டம்

களைவிதை கலந்த தானியத்தை விதைக்கும் குடியானவன் தன் வயலை மட்டுமன்றி, வாய்க்கால் வழியே அயலான் வயலையும் கெடுக்கிறான். கைப்பேசியில் வந்த செய்தியை ஆராயாது பிறருக்கு அனுப்புவோன் செய்கையும் அத்தன்மையதே.

2020-ஆம் வருஷம் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில், கோழியிறைச்சி உண்பதால் கொரோனா நோய் தொற்றுமென்ற வதந்தி வாட்ஸ்அப் மூலமாக நாடெங்கும் பரவிற்று. அதற்கு யாதொரு ஆதாரமுமில்லையென்று மத்திய கால்நடை இலாகா அறிவித்தது. ஆயினும், மறுப்பு ஜனங்களின் மனத்தில் பதியுமுன் விற்பனை படுத்துவிட்டது. இறைச்சிக்கோழி வளர்த்தோர் உற்பத்திச் செலவிலும் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தது. கோழித்தீவனத்திற்கு உதவும் மக்காச்சோளத்தின் விலையும் சரிந்தமையால், கோழியே வளர்க்காத குடியானவர்களும் நஷ்டமடைந்தனர். வதந்தியை அனுப்பியோரிற் பலர் கேடு நினைத்தவரல்லர். எதற்கும் சொல்லிவைப்போமென்று எண்ணியவர்களே. ஆயினும் நல்லெண்ணம் நஷ்டத்தை ஈடுசெய்யாது.

வடமாநிலங்களிற் பாலைவன வெட்டுக்கிளிகள் படையெடுத்த அவ்வருஷம் மே மாதத்தில், கிருஷ்ணகிரி ஜில்லாவில் எருக்கஞ்செடிகளில் மொய்த்திருந்த வெட்டுக்கிளிகளைக் கண்டு ஜனங்கள் கலங்கினர். விவசாய இலாகாவினர் நேரிற் சென்று பார்வையிட்டு, அவை எருக்கைத் தின்னும் உள்ளூர் இனமேயென்று தெளிவித்தனர். பூச்சியைக் கண்ணாற் கண்டு இனம் பிரித்தவரின் சொல்லே இத்தகைய அச்சத்தை அடக்கவல்லது.

பலர் கைமாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரே இடத்திற்கு அனுப்பலாமென 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் நிறுவனம் வரையறுத்தது. அத்தகைய செய்தியின் தலைப்பில் இரட்டை அம்புக்குறி காணப்படும். அக்குறி எச்சரிக்கையேயன்றி, செய்தி மெய்யென்பதற்குச் சான்றாகாது. கருவியிலுள்ள தடை வேகத்தைக் குறைக்குமேயன்றிப் பொய்யை அழிக்காது. அது கிராமத்திலேயே நடைபெற வேண்டிய காரியம்.

பெரிய நிலக்காரர் கூறுவதைச் சிறு குடியானவர் நம்பி நடக்கின்றனர். ஆகையால் அவர்களது பொறுப்பு அதிகம். கிராம அதிகாரி மௌனமாயிருப்பின், அம்மௌனமே வதந்திக்குச் சாட்சியாகிவிடும். செய்தி எவ்வூரில், எந்நாளில், எவரால் கூறப்பட்டதென முதலில் விசாரித்தல் வேண்டும். பயிர், பூச்சி, மருந்து பற்றியதாயின், விவசாய அலுவலரையோ, 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் தொலைபேசியையோ கேட்டறியலாம். தவறாக அனுப்பியவர், அச்செய்தி சென்ற அத்தனை பேருக்கும் திருத்தத்தையும் அனுப்புதல் கடமையாகும். பிழையை ஒப்புக்கொள்வதால் மதிப்புக் குறையுமென்று அஞ்ச வேண்டுவதில்லை. அடுத்த முறை அவர் சொல்லை ஊரார் நம்புவதற்கு அதுவே காரணமாகும்.